கடலுக்கும் லீவு, பள்ளிக்கும் லீவு... ஆச்சி வீட்டு அடுப்பில் என்ன?

பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விடும் நேரத்தில்தான் கடலுக்கும் விடுமுறை. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குள் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்பதால் இந்தத் தடை. முன்பு 45 நாட்களாக இருந்தது, பிறகு 61 நாட்களாக நீட்டித்தார்கள்.

பள்ளிகளோ ஏப்ரல் கடைசியில் மூடி, பெரும்பாலும் இந்தத் தடை முடிவதற்குள் திறந்துவிடும். இரண்டு காலண்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளியூரில் படிக்கும் பேரப்பிள்ளைகள் கடலோர ஊரில் இருக்கும் ஆச்சி வீட்டுக்கு ஒரு மாதம் தங்க வருவது, சரியாக அங்கே மீன் குறைந்திருக்கும் நாட்களில்தான்.

அப்படியென்றால் கடலோர வீட்டின் கோடைச் சமையல் எப்படி இருக்கும்? திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் நடுவில், கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு வீட்டின் கதை இது.

அந்த வீட்டில் ஆச்சி, அவருடைய மகன், மருமகள் என மூன்று பேர். பேத்தி வெளியூரில் விடுதியில் தங்கி நர்ஸிங் படிக்கிறார். மகன் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு விசைப்படகில் தொழிலாளி. அந்தத் தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். பிடித்த மீனை விற்று, டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சுவதில் படகு முதலாளிக்கு ஒரு பகுதி, தொழிலாளிகளுக்கு ஒரு பகுதி. படகு கரையில் கட்டிக் கிடந்தால் பங்கும் இல்லை. தடைக்காலத்துக்காக அரசு ஒரு குடும்பத்துக்குத் தரும் நிவாரணம் 8,000 ரூபாய். அதை 61 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய் வருகிறது.

போன கோடையில், மே முதல் வாரத்தில், ஆச்சியின் மகள் சென்னையில் இருந்து தன் எட்டு வயதுப் பையனோடு வந்து இறங்கினார். ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பார்க்கும் வேலை அவருக்கு. இரண்டு வாரம் லீவு போட்டு, மீதி நாட்களுக்கு லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

வந்த அன்று சாயங்காலமே மருமகள் வயர் கூடையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினார். ஆச்சி பார்த்துவிட்டார்.

"எங்கட்டி இந்நேரம்?"

"சீலா வந்திருக்கான்னு பாத்துட்டு வாரேன் அத்தை. பிள்ளை ஆசையா வந்திருக்கான். கடன் சொல்லிக்கிடலாம்."

"கடன் சொல்லி மீன் வாங்குத நிலைமை இந்த வீட்டுக்கு இன்னும் வரல. கூடையை உள்ள வை."

சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்று சொல்வதுதான் இங்கே சீலா. தடைக்காலத்தில் அதன் விலையைக் கேட்டாலே பாதிப் பேர் திரும்பி நடந்துவிடுவார்கள். மருமகளின் முகம் சுருங்கிப்போனது. நாத்தனாரும் அவர் பிள்ளையும் ஒரு வருஷம் கழித்து வந்திருக்கிறார்கள். மீன்காரர் வீட்டில் மீன் இல்லாமல் சோறு போட்டால் நாளைக்கு யார் என்ன சொல்வார்களோ என்ற கவலை அவருக்கு.

கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த மகளுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். "மதினி, கருவாட்டுக் குழம்பு வைங்க. சென்னையில நான் கருவாட்டைப் பொரிச்சா மாடி வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துருவாங்க. ஒரு வருஷமா நாக்கு செத்துப் போச்சு."

மருமகள் சிரித்துவிட்டார். கூடை ஆணிக்குத் திரும்பியது.

பங்குனியிலேயே ஆரம்பித்த சமையல்

ஆச்சியின் அடுக்களை மூலையில் இரண்டு தகர டின்னும் ஒரு மண் பானையும் இருக்கின்றன. அந்த வீட்டின் தடைக்காலச் சேமிப்பு அதற்குள்தான். ஒரு டின்னில் சாளைக் கருவாடு. இன்னொன்றில் நெத்திலி. பானையில் துண்டு போட்ட வாளை.

தடை தொடங்குவதற்கு முன்னால், பங்குனி மாதத்தில், சாளை குவியலாக வந்து விலை இறங்கும் நாளுக்காக ஆச்சி காத்திருப்பார். அன்றைக்கு நாலு வீட்டுப் பெண்களாகச் சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பங்கு போட்டுக்கொள்வார்கள். சாளையைக் குடல் எடுத்து அலசி, பானையில் ஒரு வரிசை மீன், ஒரு வரிசை கல்லுப்பு என்று அடுக்கி மூடி வைக்க வேண்டும். மறுநாள் எடுத்து மேலே ஒட்டிய உப்பைக் கழுவிவிட்டு, பழைய வலையை விரித்து அதன்மேல் காயப் போட வேண்டும். மூன்று நல்ல வெயில் போதும். நெத்திலிக்கு உப்பே வேண்டாம். அலசி அப்படியே காயப் போட்டால் இரண்டு வெயிலில் சலசலவென்று சத்தம் வரும் அளவுக்குக் காய்ந்துவிடும். நீளமான வாளையைக் கயிற்றில் தொங்கவிட்டுக் காய வைப்பார்கள்.

அந்தக் கல்லுப்பும் பக்கத்து ஊர்ச் சரக்குதான். தமிழகத்தின் உப்பில் பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்டத்து உப்பளங்களில் விளைகிறது. வெயில் ஏறினால்தான் பாத்தியில் உப்பு நன்றாக விளையும். ஊரே வெயிலைத் திட்டிக்கொண்டிருக்கும் மாதங்களில், இந்தக் கரையில் வெயில்தான் உப்பை விளைய வைக்கிறது, மீனைக் காய வைக்கிறது, மாடியில் வத்தலையும் மோர் மிளகாயையும் பக்குவம் பண்ணுகிறது. அடுப்புப் பற்ற வைப்பதற்கு முன்பே பாதிச் சமையலை அது முடித்துக் கொடுத்துவிடுகிறது.

கருவாட்டுக்கு ஈரம்தான் எதிரி. கடல் காற்றில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும். அதனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை டின்னைத் திறந்து, உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் பரப்பி எடுக்க வேண்டும். அந்த மே மாதம் காக்கா விரட்டும் வேலை பையனுக்குக் கிடைத்தது. கையில் ஒரு கம்பு, தலையில் மாமாவின் துண்டு. முதல் நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், இரண்டாவது முறை பரப்பியபோது எது சாளை, எது நெத்திலி என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

குழம்பும் அதற்கு உப்புப் பார்க்கும் ஆளும்

கோடையில் கருவாட்டுக் குழம்புக்குத் துணை தேடி அலைய வேண்டியதில்லை. மாங்காய், முருங்கைக்காய், கத்தரிக்காய் மூன்றும் அப்போது மலிவு. முருங்கை வீட்டுக்கொல்லையிலேயே நிற்கும். மாங்காயைக் காற்று உதிர்த்துப் போட்டிருக்கும்.

ஆச்சி வைக்கும் முறை இதுதான். நான்கு பேருக்கு 100 கிராம் கருவாடு போதும். வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு, தலை, செதில் நீக்கி, மண் போக மூன்று தண்ணீர் கழுவி வைத்துக்கொள்ள வேண்டும். மண்சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றி, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, பதினைந்து சின்ன வெங்காயத்தையும் ஏழெட்டுப் பூண்டுப் பல்லையும் வதக்க வேண்டும். ஒரு தக்காளி போதும். முருங்கைக்காய், கத்தரிக்காய்த் துண்டுகளைப் போட்டுப் பிரட்டி, ஒன்றரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், இரண்டு டீஸ்பூன் மல்லித்தூள், கொஞ்சம் மஞ்சள் சேர்க்க வேண்டும். மாங்காய் போடுவதால் புளி பாதி போதும், நெல்லிக்காய் அளவுக்குக் கரைத்து ஊற்றலாம். காய் முக்கால் பதம் வெந்ததும் மாங்காயைப் போட வேண்டும், முதலிலேயே போட்டால் கரைந்துவிடும். பிறகு தேங்காய், சீரகம், இரண்டு சின்ன வெங்காயம் சேர்த்து அரைத்த விழுது. கடைசியாகக் கருவாடு. பத்து நிமிடம் மெல்லிய தீயில் கொதித்தால் எண்ணெய் பிரிந்து மேலே வரும்.

உப்பு மட்டும் கடைசி வரை போடக் கூடாது. கருவாடு வெந்து தன் உப்பை இறக்கிய பிறகுதான் எவ்வளவு வேண்டும் என்பதே தெரியும். பல நாள் ஒரு சிட்டிகைகூடத் தேவைப்படாது.

இங்கேதான் ஆச்சிக்கு ஒரு சிக்கல். அவருக்கு ரத்த அழுத்தம். கருவாட்டைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. உப்பு ஏறிய உணவு என்பதால் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் கருவாடு ஆகாது. வாழ்நாள் முழுக்கக் கருவாடு போட்டவர், இப்போது கொதி வாசனையை வைத்தே பதம் சொல்கிறார். மருமகள் அடுப்படியில் இல்லாத நேரத்தில் உப்புப் பார்க்க ஆள் வேண்டுமே!

"ஏலே, இங்க வா. உள்ளங்கையை நீட்டு."

பையன் கையில் ஒரு சொட்டுக் குழம்பு. நக்கிப் பார்த்துவிட்டு அவன் முதல் நாள் சொன்னது, "சூப்பரா இருக்கு ஆச்சி."

"சூப்பர் கெடக்கட்டும். உப்பு இருக்கா, இல்லையா?"

அவனுக்குத் தெரியவில்லை. உப்பைத் தனியாகக் கவனித்துச் சாப்பிடும் பழக்கமே அவனுக்கு இல்லை. ஒரு வாரம் போனது. உள்ளங்கைச் சொட்டை நாக்கின் நுனியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வேணும் ஆச்சி. மாங்கா புளிப்பு மேல நிக்கி" என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டான். அவன் பேச்சில் சென்னை குறைந்து திருச்செந்தூர் கூடியதும் அந்த வாரத்தில்தான்.

காலையில் பழைய சோறு. முந்தின ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றில் கொஞ்சம் மோர் விட்டுப் பிசைந்து, தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், தணலில் சுட்ட ஒரு துண்டு வாளை. ஆச்சிக்கு மட்டும் உப்புப் போடாத மாங்காய்க் கீற்று. அந்த நீராகாரத்தைக் குடித்துவிட்டு வெளியே போனால் பதினோரு மணி வரை வெயில் தெரியாது என்பது ஆச்சியின் கணக்கு.

பனை மரத்தின் கணக்கு

கடற்கரையில் இருந்து மேற்கே கொஞ்சம் நடந்தால் செம்மண் தேரியும் பனங்காடும் தொடங்கிவிடும். உடன்குடி பக்கம் இது. புவிசார் குறியீடு பெற்ற பனங்கருப்பட்டி காய்ச்சும் ஊர். கோடைதான் அதற்குக் காலம்.

விடியற்காலையில் பனையேறும் தொழிலாளி ஒருவர் பைக்கின் பின்னால் கேனைக் கட்டிக்கொண்டு வருவார். பனை ஓலையை மடித்த பட்டையைப் பிடித்தால் அதில் பதநீர் ஊற்றுவார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி வைப்பதால்தான் அது புளித்துக் கள்ளாக மாறாமல் பதநீராக இருக்கிறது. அதையும் வெயில் ஏறுவதற்குள் குடித்துவிட வேண்டும். மிச்சம் இருப்பதைக் காய்ச்சிப் பாகாக்கி, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி ஆற வைத்தால் கருப்பட்டி.

நுங்கும் அதே நேரத்தில்தான் வரும். ஒரு காயைச் சீவினால் பெரும்பாலும் மூன்று கண் இருக்கும். விரலை விட்டுக் குத்தி உறிஞ்சத் தெரியாமல் பையன் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டான். சீவிய கூந்தல் இரண்டையும் ஒரு குச்சியில் கோத்து மாமா செய்து கொடுத்த நுங்கு வண்டி, சென்னையில் இருந்து கொண்டுவந்த ரிமோட் காரை ஒரே நாளில் ஓரம் கட்டியது.

பதநீர்க்காரரிடம் ஒருநாள் அவன் கேட்டான். "அந்தப் பெரிய மரத்துல ஏன் நுங்கே இல்ல?"

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பாளையைச் சீவிப் பதநீர் இறக்கினால் அந்தப் பாளையில் காய் பிடிக்காது. பதநீர் வேண்டும் என்றால் நுங்கை விட வேண்டும். நுங்கை எல்லாம் வெட்டிவிட்டால் ஆவணியில் பனம்பழம் இருக்காது. பழம் இல்லை என்றால் விதை இல்லை, தை மாதத்துக்குக் கிழங்கும் இல்லை. அதனால் எந்த மரத்தைச் சீவுவது, எதை நுங்குக்கு விடுவது, எதில் பழம் பழுக்க விடுவது என்று சீசன் ஆரம்பத்திலேயே பார்த்து வைத்துக்கொள்வார்களாம்.

"எல்லாத்தையும் இப்பவே எடுத்துட்டா அப்புறம் மரம் எதுக்கு, சும்மா நிக்கவா?" என்றவர் பைக்கை உதைத்துக் கிளம்பினார்.

சீலா வந்த நாள்

தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகளுக்கு இல்லை. அதனால் இந்தக் கரையில் வள்ளம் போய் வந்துகொண்டுதான் இருக்கும். கொண்டுவருவது கொஞ்சம். வாங்க நிற்பது நிறைய பேர். கரையில் ஏலம் விடும்போதே ஹோட்டல்களுக்கு வாங்கும் வியாபாரிகள் பெரிய மீனையெல்லாம் எடுத்துவிடுவார்கள். ஆச்சி வாரத்துக்கு ஒருநாள், கடைசியில் மிஞ்சும் ஒரு கூறு காரலோ சாளையோ பேரம் பேசி வாங்கி வருவார். அன்றைக்கு மட்டும் அவர் தட்டிலும் மீன் இருக்கும்.

மே மூன்றாவது வாரம், மகள் ஏதோ வேலையாக டவுனுக்குப் போனவர் திரும்பி வரும்போது ஒரு பெரிய சீலாவோடு வந்தார். மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் 1 அன்றுதான் தொடங்கும். அதுவரை அங்கிருந்து ஐஸ் பெட்டியில் மீன் இந்தப் பக்கம் வரும். அப்படி வந்த மீன். விலையை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஆச்சி செவுளைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அரிவாள்மனையை எடுத்து உட்கார்ந்தார். நடுத்துண்டு பொரிக்க, தலையும் வாலும் குழம்புக்கு. வீடெல்லாம் வாசனை. பையன் மூன்று துண்டு சாப்பிட்டான்.

ராத்திரி மகன் வந்தார். படகில் வேலை இல்லாத அந்த நாட்களில், துறைமுகத்தில் வலை பொத்தும் வேலைக்குத் தினக்கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். சட்டியைத் திறந்து பார்த்தார். "யாரு வாங்கினா?" என்று கேட்டார். மருமகள் சொன்னார். "நான் வெளியே சாப்பிட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் பாயைப் போட்டுப் படுத்துவிட்டார்.

அவர் வெளியே சாப்பிடவில்லை என்பது மூன்று பெண்களுக்கும் தெரியும். இருபது வருஷமாகக் கடலுக்குப் போகிறவர். தன் வீட்டுச் சட்டிக்குத் தங்கச்சி காசில் மீன் வந்திருக்கிறது. அண்ணன் முகம் பார்த்ததும்தான் மகளுக்கு அது உறைத்தது. சென்னையில் மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு அது ஒரு நாள் செலவு. அண்ணனுக்கு அது ஜூனில் மகளுக்குக் கட்ட வேண்டிய ஃபீஸை நினைவுபடுத்தும் மீன், படகு முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தை நினைவுபடுத்தும் மீன்.

மறுநாள் காலை ஆச்சி யாரையும் கூப்பிட்டு எதுவும் பேசவில்லை. மீந்த குழம்பைச் சுண்ட வைத்தார். மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பது எல்லா வீட்டிலும் தெரிந்ததுதானே! கும்பாவில் பழைய சோறு, மேலே அந்தக் குழம்பு, ஓரத்தில் தலைத்துண்டு. கொண்டுபோய் மகன் முன்னால் வைத்தார்.

"நீ எத்தனை வருஷம் சென்னைக்கு மீன் கட்டி அனுப்பியிருக்க? அவ வேண்டாம்னு சொன்னாளா?"

மகன் பேசவில்லை.

"உன் கோவத்துக்கு மீன் என்னலே பண்ணும்? திங்க ஆள் இல்லாம வீணாப் போனா அது பாவம்."

கொஞ்ச நேரம் கும்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பிட்டார். தலைத்துண்டை முழுசாக உடைத்துச் சாப்பிட்டு முடித்துவிட்டு, உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "மேற்க உள்ள மீனு. ஐஸ்ல மூணு நாள் கெடந்திருக்கு. அடுத்த தடவை வாங்குறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடச் சொல்லு."

அடுக்களையில் மகளும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் சமாதானம் அப்படித்தான் வந்தது.

கட்டிக் கிடக்கும் படகுகள்

அந்த வாரக் கடைசியில் மாமா பையனைத் தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கூட்டிப்போனார். வரிசையாக நூற்றுக்கணக்கில் படகுகள் ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு கிடந்தன. சிலவற்றில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். சிலவற்றில் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். கரையில் வலையை மலை மாதிரி குவித்து, கிழிந்த கண்ணிகளை ஆட்கள் பொத்திக்கொண்டிருந்தார்கள். லீவு என்றால் சும்மா இருப்பது என்று நினைத்திருந்த பையனுக்கு அது புதுசு.

"ஏன் மாமா இவ்வளவு படகு இருந்தும் போகக் கூடாது?"

"இப்பதான் மீனுக்கு வயித்துல முட்டை இருக்கும். இந்தப் பெரிய வலையைப் போட்டு இழுத்தா தாயும் வரும், குஞ்சும் வரும். ஒரு நாள் நல்லாத்தான் காசு கிடைக்கும். அப்புறம் வருஷம் முழுக்கத் தண்ணியைத்தான் இழுக்கணும்."

"நாம பட்டினி கெடந்தா?"

மாமா அதற்கு உடனே பதில் சொல்லவில்லை. கையில் இருந்த வலை ஊசியில் நூலைச் சுற்றிக்கொண்டே, "ஆச்சி இருக்கும்போது என்னைக்காவது பட்டினி கெடந்திருக்கியா?" என்று கேட்டார்.

அவன் யோசித்துப் பார்த்தான். பழைய சோறு, வாளை, பதநீர், நுங்கு, மாங்காய்க் குழம்பு, முருங்கைக்கீரை போட்ட கூட்டாஞ்சோறு, சாயங்காலம் கருப்பட்டிக் காப்பியில் முக்கிய வர்க்கி. இல்லைதான்.

ஆனால் 61 நாளும் அடுப்பு அணையாமல் இருந்தது தானாக நடந்தது இல்லை. பங்குனியில் ஆச்சி போட்ட உப்பு, மாமா கூலிக்குப் பொத்திய வலை, அத்தை சிக்கனமாக அளந்து போட்ட எண்ணெய், இத்தனையும் அதற்குள் இருக்கிறது. பருவத்தில் கிடைப்பதைச் சாப்பிட வேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறோம். இந்தக் கரையில் அதற்கு இன்னொரு பாதியும் உண்டு. பருவத்தில் எதை எடுக்கக் கூடாதோ, அதை எடுக்காமல் இருப்பது. பனையேறுபவர் ஒரு பாளையை விட்டுவைப்பது மாதிரி, கடலோரக் குடும்பங்கள் தங்கள் இரண்டு மாத வருமானத்தை விட்டுவைக்கின்றன. நாம் வருஷம் முழுக்க மீன் வாங்க முடிவதற்கு அந்த வீடுகளும் ஒரு காரணம்.

பைக்குள் ஒரு கடற்கரை

ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறக்கும் தேதி வந்தது. கிளம்பும் முந்தின நாள் ஆச்சி மூட்டை கட்ட உட்கார்ந்தார். நெத்திலிக் கருவாடு அரைக் கிலோ. முதலில் பழைய நாளிதழ், அதன்மேல் பிளாஸ்டிக் கவர், அதன்மேல் ஒரு டப்பா, டப்பாவைச் சுற்றி இன்னொரு கவர். பஸ்ஸில் யாரும் மூக்கைப் பொத்தக் கூடாதே! ஒரு கிலோ கருப்பட்டி. மாங்காய் வத்தல். மோர் மிளகாய். ஓலைப்பெட்டியில் சில்லுக் கருப்பட்டி.

மருமகள் தன் பங்குக்கு ஒரு பாட்டில் நெத்திலிப் பொடியைக் கொண்டுவந்து வைத்தார். நெத்திலியை வெறும் சட்டியில் வறுத்து, வத்தல் மிளகாய், பூண்டு, வறுத்த தேங்காய் சேர்த்து இடித்தது. "இதுக்கு அடுப்பு வேண்டாம். சோத்துல போட்டுப் பிசைஞ்சிக்கிட்டா போதும். மாடி வீட்டுக்காரங்களுக்கு வாசனையே போகாது" என்றார்.

மகள் பர்ஸைத் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக, பஸ் ஏறிய பிறகு, விடுதியில் இருக்கும் அண்ணன் மகளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினார். முதல் செமஸ்டருக்கு வேண்டிய புத்தகங்களின் லிஸ்டை அத்தைக்கு அனுப்பி வைக்கச் சொல்லி. அத்தை மருமகளுக்குப் புத்தகம் வாங்கித் தருவதில் யாரும் குறை சொல்ல முடியாதல்லவா?

ஜூன் 15 அதிகாலையில் படகுகள் கடலுக்குப் போயின. மறுநாள் சாயங்காலம் சென்னையில் வீடியோ கால் வந்தது. திரையில் முதலில் தெரிந்தது கொதிக்கும் மண்சட்டி, பிறகு ஆச்சியின் முகம்.

"என்ன மீன் ஆச்சி?"

"பாறை. உங்க மாமா கொண்டாந்தான். டாக்டரு இதைத் திங்க வேண்டாம்னு சொல்லல."

பையன் திரைக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனான். "உப்பு சரியா இருக்கா?"

"அதான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று ஆச்சி கரண்டியில் இருந்து ஒரு சொட்டைத் தன் உள்ளங்கையில் விட்டுக்கொண்டார்.